ஆமையோட்டு வெடிப்பும் நாற்பத்தொன்பது குச்சிகளும்: பழஞ்சீனர் குறி கேட்ட முறை

#1 நெய்தல்

பழஞ்சீனச் சமயம் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் கன்பூசியசில் தொடங்கி லாவோட்சுவில் முடித்துவிடுகிறார்கள். கன்பூசியஸ் பிறந்ததாகச் சொல்லப்படும் கி.மு. 551க்கு அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஷாங் என்னும் பழஞ்சீன அரசகுலத்து மன்னர்கள் எலும்பைச் சுட்டுக் குறி கேட்டிருக்கிறார்கள், கேட்டதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த வேலை எப்படி நடந்தது, யாரிடம் கேட்டார்கள், பின்னால் குச்சி எண்ணும் முறை எப்படி வந்தது என்று செய்முறையோடு பேசலாமா? "ஓட்டைச் சுட்டார்கள், விரிசலைப் படித்தார்கள்" என்ற ஒற்றை வரியைத் தாண்ட வேண்டும் என்பதே விருப்பம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. யி ஜிங் என்னும் பழஞ்சீனக் குறி நூலுக்கு மூன்று நாணயம் போட்டுப் பார்ப்பதும் குச்சி எண்ணுவதும் ஒன்றுதானா?

#2 ஓட்டெழுத்து

நல்ல கேள்வி. எலும்பிலிருந்து தொடங்குகிறேன்.

இடம் ஹெனான் மாநிலத்து ஆன்யாங். அங்கே ஷியாவ்துன் ஊரை ஒட்டித்தான் ஷாங் அரசின் கடைசித் தலைநகரம் இருந்தது. எலும்புகளில் இருப்பது பழைய எழுத்து என்று 1899இல் வாங் யீரோங் கண்டார். முறையான அகழாய்வு 1928இல் தொடங்கியது. 1936இல் ஒரே குழியிலிருந்து 17,096 துண்டுகள் வந்தன. எழுத்துள்ளவற்றில் மிகுதி, கி.மு. 1200ஐ ஒட்டி ஆண்ட வூ டிங் மன்னர் காலத்தவை.

பயன்பட்டவை இரண்டு: மாட்டின் தோள்பட்டை எலும்பும் ஆமையின் வயிற்றோடும். ஆமையின் முதுகோடும் சில சமயம் வரும், ஆனால் வளைவும் தடிமனும் உள்ள அதில் வேலை கடினம். வயிற்றோடு தட்டையானது. ஒன்பது எலும்புத் தட்டுகள் பொருந்தி ஆனது, நடுவே நேர்க்கோட்டில் ஒரு பொருத்து ஓடும். இந்த நடுக்கோடு பின்னால் மிக முக்கியமாகிறது.

முதலில் தசையை நீக்கி, மேலோட்டோடு சேரும் பக்கத்துப் பாலத்தை அறுத்து விளிம்பைச் சீவுவார்கள். தோள்பட்டை எலும்பானால் பின்பக்கம் எழும்பி நிற்கும் முகட்டை வெட்டித் தளமாக்குவார்கள். பிறகு இரண்டு பக்கமும் தேய்த்து மெருகேற்றுவார்கள். எத்தனை ஓடு யாரிடமிருந்து வந்தது என்ற வரவுக்கணக்கு ஓட்டின் ஓரத்திலேயே இருக்கிறது. ஒரு குறிப்பு 250 ஓடு வந்ததாகச் சொல்கிறது, இன்னொன்று 1,000 என்கிறது. சமயச் சடங்கு என்றாலும் இது அரண்மனைச் சரக்கறைக் கணக்கும்கூட.

அடுத்தது குழி. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உட்பக்கத்தில் உளியால் நீள்வட்டக் குழி ஒன்று வெட்டி, அதை ஒட்டிப் பக்கவாட்டில் வட்டக் குழி ஒன்று குடைவார்கள். அடி துளைபட்டுவிடக் கூடாது, மெல்லிய படலமாக நிற்க வேண்டும். தணலாய்க் கனலும் பொருளை அங்கே வைத்துச் சூடேற்றினால் மறுபக்கத்தில் வெடிக்கும். நீளக் குழியை ஒட்டி நெடுக ஒரு வெடிப்பு, வட்டக் குழியை ஒட்டிக் குறுக்கே ஒரு கிளை. சேர்ந்து பார்த்தால் 卜 வடிவம். குறி பார்ப்பதற்கான சீன எழுத்தே இந்த வடிவந்தான்.

எங்கே பிசகும்? குழி ஆழம் போதாவிட்டால் எவ்வளவு சுட்டாலும் ஓடு கருகுமே தவிர வெடிக்காது. குழியே இல்லாமல் சுட்டால் வெடிப்பு மனம்போன போக்கில் ஓடும், ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஓட்டின் இரு பாதியிலும் கிளை வெடிப்பு நடுக்கோட்டை நோக்கியே திரும்பும்படி குழிகளை அமைத்திருக்கிறார்கள். அதாவது வெடிப்பின் பொது உருவத்தை உளிக்காரர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார். தெய்வத்துக்கு விடப்பட்டது கிளையின் கோணமும் நெளிவும் போன்ற நுட்பங்கள் மட்டும். பெரிய ஓடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட குழிகள் உண்டு.

எழுத்து பொறிக்கப்படுவது வெடித்த பிறகு. முழுமையான பதிவில் நான்கு உறுப்புகள்: நாளும் குறி கேட்டவர் பெயரும், கேட்ட வாசகம், மன்னர் வெடிப்பைப் பார்த்துச் சொன்னது, பின்னால் நடந்தது. நான்கும் சேர்ந்து கிடைப்பது அரிது. புகழ்பெற்ற ஒன்று வூ டிங்கின் அரசி ஃபூ ஹாவ் பற்றியது. சாரம் இது: ஜியாஷென் நாளில் வெடிப்பு. ஃபூ ஹாவ் பிள்ளை பெறுவாள், நலமாக இருக்கும். மன்னர் பார்த்துச் சொன்னது: டிங் நாளில் பெற்றால் நலம், கெங் நாளில் பெற்றால் நெடுநலம். 31ஆம் நாள், ஜியாயின் நாளில் பெற்றாள். நலமில்லை. பெண்.

கடைசி வரி கசக்கிறது. அதை மறைக்காமல் செதுக்கி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

நாள் கணக்கு போடுவோர் ஒன்றைக் கவனியுங்கள். அறுபது நாள் சுற்றில் ஜியாஷென் 21ஆவது, ஜியாயின் 51ஆவது. கழித்தால் 30 வரும். அவர்கள் தொடக்க நாளையும் சேர்த்து எண்ணுவார்கள், அதனால் 31. இது தெரியாமல் கல்வெட்டில் பிழை என்று எழுதியவற்றைப் பார்க்கலாம்.

#3 கரிசல்

அருமையான விளக்கம் ஐயா. ஷாங் மக்களுக்கு ஷாங்தி என்ற ஒரே கடவுள் இருந்தார், பிற்காலத்தில்தான் பல தெய்வம் வந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்களே, எலும்புகள் அதற்குச் சான்றா?

#4 ஓட்டெழுத்து

இல்லை நண்பரே. எலும்புகள் காட்டுவது நேர் மாறான படம்.

'தி' என்ற உயர்தெய்வம் உண்டு. மழை, காற்று, இடி, விளைச்சல் எல்லாம் அவர் ஆணையில் நடக்கின்றன. படையெடுப்புக்கும் ஊர் கட்டவும் அவர் ஒப்புதல் வேண்டும். ஆனால் மாடு இத்தனை, பன்றி இத்தனை என்று மூதாதையருக்கு நுணுக்கமாக எழுதும் அதே கைகள், தி பெயரில் நேரடிப் படையல் எழுதியதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அவரைச் சென்றடைய வழி மூதாதையர் வழியாகத்தான். ஒரே ஓட்டில் இதற்குச் சான்று இருக்கிறது: அரசை நிறுவிய தாங் மன்னர் தி-க்கு விருந்தினரா, பின் வந்த தா ஜியா தாங்குக்கு விருந்தினரா என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். செத்தவர்களுக்குள்ளும் மூப்பு வரிசை. கீழே இருப்பவரைக் கவனித்தால் அவர் மேலே சொல்லுவார்.

மூதாதையர் எப்போதும் நல்லவர்கள் என்ற எண்ணமும் இல்லை. வூ டிங்குக்குப் பல்வலி. தந்தை ஜியாவா காரணம், அவரில்லையா, தந்தை கெங்கா, அவரில்லையா, தந்தை ஷின்னா, தந்தை யீயா என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார்கள். நான்கு 'தந்தை' என்றதும் குழம்ப வேண்டாம். பெற்றவர் யீ ஒருவர்தான், மற்ற மூவரும் அவருக்கு முன் ஆண்ட அண்ணன்மார். நமக்குப் பெரியப்பா முறை, அவர்கள் எல்லோரையும் தந்தை என்றே சொன்னார்கள்.

வலப்பாதியில் 'ஆம்', இடப்பாதியில் 'இல்லை' என்று எதிரெதிர் வாசகமாக எழுதுவது வூ டிங் காலத்து வழக்கம். நடுக்கோடு முக்கியம் என்றது இதற்காகத்தான். ஒரே வாசகத்துக்குப் பல வெடிப்பு எடுத்து, ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண் போட்டு வைப்பார்கள். வாசகங்களில் பெரும்பாலும் வினாச்சொல்லே இல்லை. "மழை வரும்", "மழை வராது" என்று முன்வைத்து ஒப்புதல் பெறுவதுபோல் இருக்கின்றன. அதனால் நம் வழக்கத்தில் 'கேள்வி' என்று மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் பொருள் மாறுகிறது.

மூதாதையர் பெயரில் வரும் ஜியா, யீ, டிங் எல்லாம் பத்து நாள் வாரத்தின் நாட்பெயர்கள். யாருக்கு எந்தப் பெயரோ அந்த நாளில் அவருக்குப் படையல். கடைசி மன்னர்கள் காலத்தில் இது இறுகி, ஐந்து வகைச் சடங்கும் எல்லா மூதாதையருக்கும் ஒரு சுற்று முடிய 36 அல்லது 37 வாரம், அதாவது 360 அல்லது 370 நாள் ஆயிற்று. கிட்டத்தட்ட ஓர் ஆண்டு. அப்போது எதிர்வாசகம் அருகிவிட்டது. பல்வலி, மகப்பேறு போன்றவை குறைந்து, "வரும் பத்து நாளில் கேடில்லை" என்பதே வாரந்தோறும் கடைசி நாளான குய் நாளில் திரும்பத் திரும்ப வருகிறது. அச்சத்தோடு கேட்ட காலம் போய், முறை வழுவாமல் செய்வதே சமயமாகிவிட்டது என்று நான் படிக்கிறேன்.

படையலில் மனிதரும் அடக்கம். சியாங் என்னும் அயலினத்தார் 300 பேரைப் பலியிடுவது பற்றிய வாசகம் ஒன்று உண்டு. ஆன்யாங் அரச கல்லறைகளைச் சுற்றியுள்ள குழிகள் அது வெறும் சொல் அல்ல என்று காட்டிவிட்டன. பழஞ்சீன ஞானம் என்று வியக்கும்போது இதையும் அருகில் வைத்தே பார்க்க வேண்டும்.

#5 கணக்கன்

குச்சிக்கு வருகிறேன். ஷீ என்னும் செடியின் காய்ந்த தண்டுகள். யி ஜிங்கோடு சேர்ந்த ஷீத்ஸி உரையில் வரும் சுருக்கமான பகுதிதான் மூலம்: பெருக்கத்தின் எண் 50, பயன்படுவது 49. இடைவெளிகளை நிரப்பி இன்று எல்லோரும் செய்யும் வடிவத்தைத் தெளிவாக்கியவர் 12ஆம் நூற்றாண்டின் அறிஞர் ஜூ ஷி.

50இல் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள், கடைசிவரை அதைத் தொடக் கூடாது. மீதி 49ஐ எண்ணாமல் இரண்டு கட்டாகப் பிரியுங்கள். வலக்கட்டிலிருந்து ஒரு குச்சி எடுத்து இடக்கை விரலிடுக்கில் செருகுங்கள். இடக்கட்டை நான்கு நான்காகக் கழியுங்கள், மிச்சத்தை விரலிடுக்கில் வையுங்கள். வலக்கட்டுக்கும் அப்படியே. சரியாக வகுபட்டால் மிச்சம் சுழியம் அல்ல, கடைசி நான்கையும் மிச்சமாக எடுக்க வேண்டும். புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

விரலிடுக்கில் இருப்பது 5 அல்லது 9 ஆகத்தான் இருக்கும். வேறு எண் வந்தால் எண்ணிக்கை தவறியது, திரும்பச் செய்யுங்கள். எஞ்சிய 44 அல்லது 40 குச்சியோடு மறுபடி அதே வேலை, இப்போது வெளியேறுவது 4 அல்லது 8. மூன்றாம் முறையும் 4 அல்லது 8. கடைசியில் கையில் எஞ்சுவது 36, 32, 28, 24இல் ஒன்று. நான்கால் வகுத்தால் 9, 8, 7, 6. அது ஒரு கோடு. அடிக்கோட்டிலிருந்து மேல்நோக்கி ஆறு கோடு, மொத்தம் 18 சுற்று. இந்த ஆறு கோட்டு அடுக்கையும் 'குறி' என்பார்கள், யி ஜிங்கில் அப்படி 64 உண்டு. ஒற்றை எண் முழுக்கோடு, இரட்டை எண் உடைந்த கோடு. 9உம் 6உம் மாறும் கோடுகள் (முழுக்கோடு உடைந்ததாகவும் உடைந்தது முழுக்கோடாகவும் மாறும்), 7உம் 8உம் மாறாதவை.

நெய்தல் கேட்ட நாணயக் கேள்விக்கு விடை: ஒன்றல்ல. குச்சியில் 16க்கு 9 மூன்று முறை, 8 ஏழு முறை, 7 ஐந்து முறை, 6 ஒரு முறை. மூன்று நாணயத்தில் 8க்கு 9 ஒன்று, 8 மூன்று, 7 மூன்று, 6 ஒன்று. இரண்டிலும் முழுக்கோடும் உடைந்த கோடும் சரிபாதி, மாறும் கோடு வரும் வாய்ப்பும் கால் பங்குதான். ஆனால் குச்சியில் 6ஐப்போல் 9 மூன்று மடங்கு வரும், நாணயத்தில் இரண்டும் சமம். உடைந்த கோடு அவ்வளவு எளிதில் அசையாது என்ற போக்கு குச்சிமுறையில் மட்டும் இருக்கிறது.

#6 நெய்தல்

நன்றி கணக்கன். கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு 64க்கு 27, 27, 9, 1 என்று வருகிறது. 16இல் அடங்கவில்லை. எங்கே தவறு?

#7 கணக்கன்

இரண்டாம், மூன்றாம் சுற்றில் விரலிடுக்கில் ஒரு குச்சி செருகுவதை விட்டிருக்கிறீர்கள். முதல் சுற்றில் மட்டும் செருகிவிட்டு மற்ற இரண்டில் விட்டாலும் வெளியேறுவது 4 அல்லது 8ஆகவே இருக்கும், அதனால் தவறு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 44ஐ அப்படியே பிரித்தால் மிச்ச இணைகள் 1-3, 2-2, 3-1, 4-4. நான்கில் மூன்று 4 தருகிறது, ஒன்றுதான் 8. ஒன்றைச் செருகிவிட்டு 43ஐப் பிரித்தால் இணைகள் 1-2, 2-1, 3-4, 4-3. 4உம் 8உம் சரிபாதி. உங்கள் 9, 8, 7, 6க்கு 27, 27, 9, 1 வந்தது அதனால்தான். முழுக்கோடு 36, உடைந்தது 28 என்று சமநிலையும் கெட்டுவிட்டது. ஜூ ஷி வாழ்ந்த சுங் அரசகுலக் காலத்திலேயே இப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள், ஜூ ஷி அவர்களை மறுத்து எழுதினார். எனவே பெரிய இடத்துத் தவறுதான், கவலை வேண்டாம்.

#8 கரிசல்

ஒன்றை ஒதுக்க மறந்து 50ஐயும் எடுத்தால்? அல்லது ஒரு குச்சி தொலைந்து 48 ஆனால்?

#9 கணக்கன்

இரண்டும் கேட்கத்தக்கவை, விளைவு வேறு வேறு.

50 என்றால் ஒன்று செருகியபின் 49. மிச்ச இணைகள் 1-4, 2-3, 3-2, 4-1, எப்படிப் பிரித்தாலும் 5. செருகியதோடு 6. முதல் சுற்றில் எப்போதும் 44 எஞ்சும், வாய்ப்பே இல்லை. முடிவில் 9 கால் பங்கு, 8 பாதி, 7 கால் பங்கு. 6 வரவே வராது. முதல் சுற்றில் 6 குச்சி வெளியேறுவதைக் கண்டதும் தவறைப் பிடித்துவிடலாம்.

48 என்றால் ஒன்று செருகியபின் 47. முதல் சுற்றிலேயே 4 அல்லது 8, சரிபாதி. மூன்று சுற்றும் சரிபாதியானால் 1, 3, 3, 1 என்று நாணயக் கணக்கே வருகிறது! 49இல் இருக்கும் அந்த ஒரு குச்சிதான் 9க்கும் 6க்கும் இடையே வேறுபாட்டைக் கொண்டுவருகிறது. முதல் சுற்றில் 5 அல்லது 9 வராமல் 4 அல்லது 8 வந்தால் கட்டை எண்ணிப் பாருங்கள்.

#10 சுவடிப்பெட்டி

கணக்கனின் எண்கள் சரி. ஆனால் இதை அப்படியே கி.மு. 1000க்குக் கொண்டுபோக வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். ஷாங் இறுதியையும் அதை அடுத்து வந்த ஜோ அரசின் தொடக்கத்தையும் சேர்ந்த எலும்புகளிலும் வெண்கலங்களிலும் ஆறு ஆறாக எண்கள் வருகின்றன. அவை குச்சிக் குறியின் விடைகள் என்று 1978இல் ஜாங் ஜெங்லாங் எடுத்துக்காட்டினார். அவற்றில் 1, 5, 6, 7, 8 எல்லாம் உண்டு. மேலே சொன்ன முறையில் 1உம் 5உம் வரவே முடியாது. ஆக, பழைய குச்சிமுறை வேறு.

ஷாங்காய் அருங்காட்சியகத்தில் உள்ள யி ஜிங் மூங்கில் ஏடுகள் ஏறத்தாழ கி.மு. 300ஐச் சேர்ந்தவை. 58 ஏடு, 64இல் 34 குறிகளின் வாசகம். கோடுகள் முழுக்கோடு, உடைந்த கோடாக இல்லை, 一, 八 என்னும் எண் வடிவில் இருக்கின்றன. மாவாங்துயியில் 1973இல் கிடைத்த யி ஜிங் பட்டுச் சுவடி (கல்லறை கி.மு. 168) இன்றைய வரிசையையே பின்பற்றவில்லை.

ஜுவோ ஜுவான் வரலாற்று நூலில் கோட்டுக்கு, இன்றைய யி ஜிங்கில் வரும் 'முதல் ஒன்பது', 'இரண்டாம் ஆறு' என்ற பெயர் கிடையாது. "குன் குறியின் பி" என்பார்கள். குன் குறியில் எந்தக் கோட்டை மாற்றினால் பி குறி கிடைக்குமோ அந்தக் கோடு என்று பொருள். கி.மு. 530இல் நன் குவாய் என்பவர் தன் தலைவர் குடிக்கு எதிராகக் கிளம்ப எண்ணிக் குச்சி எண்ணியபோது இதுதான் விழுந்தது. ஐந்தாம் கோட்டின் வாசகம்: மஞ்சள் கீழாடை, மிகப்பெரும் நன்மை. மகிழ்ந்துபோய் ஹுய்போ என்பவரிடம் காட்டினார். மஞ்சள் நடுவின் நிறம், கீழாடை கீழுள்ளோரின் அணி, உண்மையும் பணிவும் உள்ள செயலுக்குத்தான் இந்த வாசகம் பலிக்கும், ஆபத்தான காரியத்துக்கு இந்நூலைக் கேட்கக் கூடாது என்றார் அவர். நன் குவாய் கேட்கவில்லை, தோற்றார்.

குறியைவிடக் கேட்பவரின் தகுதி முதன்மை பெறும் இந்த இடந்தான் எனக்கு மிக முக்கியம். ஷாங் மன்னருக்கு மூதாதையர் எந்த நாளில் என்ன வேண்டும் என்பதே கேள்வி. ஜோ அரசு கி.மு. 1046இல் (இன்று பெரிதும் ஏற்கப்படும் ஆண்டு) ஷாங்கை வீழ்த்தியபின், ஏன் நாங்கள் வென்றோம் என்று விளக்க வேண்டியிருந்தது. தியென், அதாவது வானம், தன் ஆணையைத் தகுதி இழந்தவரிடமிருந்து எடுத்துத் தகுதி உள்ளவருக்குத் தந்தது என்றார்கள். தா யூ என்னும் வெண்கலக் கலத்தின் வாசகம் ஷாங் அதிகாரிகள் மதுவில் மூழ்கியதால் படையை இழந்தார்கள் என்று காரணத்தையே சொல்கிறது. ஆனால் வைத்த கத்தி தங்களையும் வெட்டும்: ஜோவும் தகுதி இழந்தால் ஆணை போய்விடும். நன் குவாய்க்கு ஹுய்போ சொன்னதில் அதே சிந்தனை ஒரு தனிமனிதர் வரை இறங்கியிருக்கிறது.

#11 நெய்தல்

அப்படியானால் யின், யாங் என்னும் எதிரெதிர் ஆற்றல்கள்? யி ஜிங் என்றாலே அதைத்தானே சொல்கிறார்கள்.

#12 சுவடிப்பெட்டி

64 குறிகளுக்கும் 384 கோடுகளுக்கும் உரிய மூல வாசகத்தில் 'யின்' என்ற எழுத்து ஒரே ஓர் இடத்தில் வருகிறது: 61ஆம் குறியின் இரண்டாம் கோடு, நிழலில் கூவும் கொக்கு, அதன் குஞ்சு எதிர்க்குரல் கொடுக்கிறது. அங்கே யின் என்றால் வெறும் நிழல். யின்-யாங் தத்துவம் ஷீத்ஸி போன்ற பின்வந்த உரைகளில்தான் நூலுக்குள் நுழைகிறது. மூல வாசகத்தில் ஆற்றைக் கடப்பதும், திருமணமும், போரும், பலியும், கால்நடையும்தான் நிறைய.

ஆமையோடு வழக்கொழிந்து குச்சி வந்தது என்றும் நினைக்க வேண்டாம். ஹூபே மாநிலம் பாவ்ஷானில் 1987இல் திறக்கப்பட்ட இரண்டாம் கல்லறை, கி.மு. 316இல் இறந்த ஷாவ் துவோ என்னும் சூ நாட்டு அதிகாரியுடையது. அவரது குறி ஏடுகளில் ஆமையும் குச்சியும் இரண்டும் உள்ளன, ஒரே நாளில் பல குறிகாரர், ஒவ்வொருவரின் கருவிக்கும் தனிப்பெயர். முதலில் ஆண்டுப்பலன் அல்லது நோய் பற்றிக் கேட்பது. விடை பெரும்பாலும் "நெடுநாளைக்கு நன்று, சிறு கவலை உண்டு" என்ற வகை. அந்தக் கவலையை நீக்க எந்தத் தெய்வத்துக்கு, எந்த ஆறு மலைக்கு, எந்த மூதாதையருக்கு என்ன ஆடு மாடு, என்ன பச்சைக்கல் என்று குறிகாரரே திட்டம் சொல்வார். பிறகு அந்தத் திட்டம் ஏற்கப்படுமா என்று இன்னொரு முறை குறி. வூ டிங்கின் பல்வலிக்கும் இதற்கும் 900 ஆண்டு இடைவெளி, கேள்வி அதேதான்: யாருக்கு என்ன குறை வைத்தோம்? ஷாவ் துவோவின் ஏடுகளில் குச்சி விடைகள் ஆறு எண்களாக, இரண்டிரண்டு அடுக்காக எழுதப்பட்டுள்ளன. அவற்றைப் படமெடுத்து ஒப்பிட விரும்புவோர், இடப்பக்க அடுக்கையும் வலப்பக்க அடுக்கையும் ஒரே குறியாகச் சேர்த்துப் படித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடுக்கும் தனி ஆறு.